புளியமரத்தையும் சேர்த்துப் படம் பிடித்தவர்களுக்கு

தொடரின் கதை எழுதுகிறவர்களுக்கும், இயக்குநருக்கும், அதைத் தினமும் ராத்திரி ஒளிபரப்பும் தொலைக்காட்சிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

காரிமங்கலம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் எனக்குச் சோறு போடுவது மனுதான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, புருஷன் அடித்தான், ஆடு காணோம், ஆள் காணோம் என்று எல்லாம் எழுதித் தருகிறேன். நீளமாக எழுதிப் பழகிய கை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தொடரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் விளம்பரமாகிவிடும். இறந்தவர்கள் கதாநாயகியின் காதில் வந்து பேசுகிற தொடர் என்றால் உங்களுக்குத் தெரியும். முதல் வாரமே "தர்மபுரி மண்ணில் வாழும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தழுவியது" என்று எழுத்து ஓடியது. அந்தப் பெண் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவர் கொட்டகையை, கொட்டகைக்கு முன்னால் நிற்கும் இரட்டைப் புளியமரத்தை, பின்னால் தெரியும் மொட்டைக் கரட்டை மேலே ட்ரோன் விட்டுச் சுற்றிச் சுற்றிக் காட்டினீர்கள். பாலக்கோட்டுக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் மாடு மேய்க்கிற பையன்கூட அந்த மரத்தைப் பார்த்ததும் ஊரைச் சொல்லிவிடுவான். அப்புறம் பேரை மறைத்து என்ன, மறைக்காமல் என்ன?

எனக்கு அந்த அம்மாவைப் பல வருஷமாகப் பேச்சளவில் தெரியும். என் தம்பி ஒருமுறை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு காணாமல் போனபோது எங்கள் அம்மா அவரிடம்தான் குறி கேட்கப் போனார். கையில் திருநீற்றோடு திரும்பி வந்து, "மொதல்ல டேசன்ல எழுதிக் குடுத்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றார். எழுதத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அன்றைக்கு எழுதியதுதான் என் முதல் மனு. தம்பி கிடைத்தது குறியாலும் இல்லை, மனுவாலும் இல்லை. பெங்களூரு மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, காசு தீர்ந்ததும் அவனே பஸ் ஏறி வந்துவிட்டான். ஆனாலும் அந்த வாக்கியம் எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் போன மாதம் ஒரு அப்பா என் கடைக்கு வந்து சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. (அவரை யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.) பிளஸ் டூ படிக்கும் மகள் வீட்டுக்கு வரவில்லை. நான்காவது நாள். ஸ்டேஷனுக்குப் போனீர்களா என்றால், இல்லை. மூன்று நாளாகப் புளியமரத்தடியில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "டிவியில அந்தம்மா கெணத்தக் காட்டிச்சே, போலீஸ் தேடி வந்து பொணத்த எடுத்தாங்களே" என்றார். அந்தப் பொண்ணு உயிரோடு இருக்கிறாள் என்று நினைக்கக்கூட அவருக்கு உங்கள் கதை இடம் கொடுக்கவில்லை, பாருங்கள். கிணறுதான் அவர் கண்ணில் நின்றது.

இன்னொன்றும் சொன்னார். "எப்படியும் ஒரு நாள் ஆனாத்தான கேஸ் எடுப்பாங்க?" இதுவும் உங்கள் உபயம். உங்கள் தொடரில் ஏட்டு ஒருவர் பல் குத்திக்கொண்டே, "இருபத்திநாலு மணி நேரம் கழிச்சு வாம்மா" என்கிறார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. குழந்தை காணாமல் போனால் உடனே வழக்குப் பதிய வேண்டும், கடத்தல் என்று வைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவு போட்டிருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் எல்லோரும் அதில் குழந்தைகள்தான். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அவசர எண் 112-க்கோ கூப்பிடலாம், காசு கிடையாது. இதை அந்த அப்பாவுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் எலுமிச்சம்பழத்தைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மனுவை எழுதி, அவரோடு ஸ்டேஷன்வரை போய், ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பொண்ணு ஓசூரில் ஒரு சிநேகிதி அறையில் இருந்தாள், பத்திரமாக வந்துவிட்டாள். அந்தக் கதை அவ்வளவுதான். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு, அந்த அம்மாவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் மரத்தடியில் இருநூறு பேர் இருக்கும். ஆந்திரா, கர்நாடகா நம்பர் போட்ட கார்கள். இளநீர்க் கடை, பஜ்ஜிக் கடை, தொடரில் வருகிற மாதிரியே சிவப்புக் கயிறு விற்கிற பையன். தகரக் கூரைக் கொட்டகைக்குள் அங்காளம்மன் படம், ஒரு சூலம், பம்பை அடிக்கிற ஒரு கிழவர். அம்மா இல்லை. பின்பக்கம் வயலில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கதாநாயகி எப்படி இருக்கிறார்? முப்பது வயது, விரித்த கூந்தல், பட்டு, நெற்றியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டு. இவருக்கு அறுபது தாண்டிவிட்டது. புடவைக்கு மேல் பேரனின் பள்ளிக்கூடச் சட்டை. தக்காளிச் செடியைத் தொட்டுத் தொட்டு விரலெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பிசின். சோப்பு போட்டால் போகாது, பழுத்த தக்காளியை நசுக்கித் தேய்த்தால்தான் போகும். என்னிடம் பேசிக்கொண்டே அதைத்தான் செய்தார். பழத்தை நசுக்கி, விரல் இடுக்கில் தேய்த்து, தொட்டி நீரில் அலசி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் நசுக்கி. "இந்தக் கையோட திருநீறு குடுத்தா வாங்கறவன் மூஞ்சிய சுளிக்கறான் கண்ணு" என்றார்.

திட்ட வந்தவள் தொட்டிக் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து மூன்று நாள் தங்கி, செல்போனில் பதிவு செய்துகொண்டு போனதைச் சொன்னார். ஒரு புடவையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார்களாம். எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்றால் சிரித்தார். செத்தவர்கள் வந்து பேசுவார்களா என்று கேட்டேன். "செத்தவங்க எதுக்கு வர்றாங்க? அவங்களுக்கு என்ன வேல? ஆத்தா வர்றப்ப வருவா. வராத நாளும் உண்டு. வராத நாள்ல வரிசைல நிக்கறவங்கள வூட்டுக்குப் போவச் சொல்லுவேன், போவ மாட்டேங்கறாங்க."

பிறகு அவர் சொன்னதுதான் உங்கள் ஆட்களின் செல்போனிலும் பதிவாகியிருக்க வேண்டியது. "வர்றவங்க காலப் பாப்பேன். செருப்பு போடாம ஓடி வந்தவ வேற, செருப்பு துடைச்சிப் போட்டுக்கினு வந்தவ வேற. மாமியாரோட வந்தவ வாயத் தொறக்க மாட்டா, மாமியாரத்தான் பேச வுடணும். அம்மாளோட வந்தவ உக்காந்த ஒடனே அழுவா. 'வயித்துல ஒரு பாரம் இருக்குது'ன்னு சொல்லுவேன். யாருக்குத்தான் இல்ல? மீதிய அவங்களே சொல்லிருவாங்க. நான் சொன்னேன்னு போயிருவாங்க."

இதைப் பித்தலாட்டம் என்று யாராவது சொல்லலாம். ஒருவிதத்தில் சரிதான். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர், தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, உன் குணத்தைக் கணித்திருக்கிறேன் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எத்தனை பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், அதுவும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அந்த மாணவர்கள் காலேஜில் படித்தவர்கள். நம்ம ஜனங்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? ஆனால் ஃபோரர் அதைத் தானே போட்டு உடைத்தார். இந்த அம்மாவும் தொட்டிக் கரையில் உட்கார்ந்து யாரோ ஒருத்தியிடம் போட்டு உடைக்கிறார். உடைக்காமல் பூசி மெழுகுவது நீங்கள்தான். அவருக்கு உண்மையிலேயே ஆத்தா வருகிறாளா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? மாசி அமாவாசைக்குக் காவேரிப்பட்டணத்து மயானக்கொள்ளைத் திருவிழாவில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இரண்டு பேச்சுப் பேச மாட்டார்கள். பம்பைச் சத்தம் கேட்டால் என் காலும்தான் நிலைகொள்வதில்லை.

குறி கேட்பது இந்த மண்ணில் நேற்று வந்ததும் இல்லை. தகடூரை, அதாவது இந்தத் தர்மபுரியை, ஆண்ட அதியமானின் நெல்லிக்கனியைத் தின்ற ஔவையின் பெயரில் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. மகள் வாடிக் கிடக்கிறாள், வீட்டில் குறி சொல்கிறவளை அழைத்திருக்கிறார்கள். அகவன் மகள் என்று பெயர். அவள் மலைகளையெல்லாம் வரிசையாகப் பாடிக்கொண்டே போகிறாள். மகளுக்குப் பிடித்தவனின் மலை வந்ததும் பக்கத்தில் நிற்கும் தோழி குறுக்கே புகுந்து, அந்த மலையைப் பாடிய பாட்டை இன்னொரு தடவை பாடு என்கிறாள். விஷயம் வெளியே வந்துவிட்டது. குறிகாரி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, தெரிந்தவள் தோழிதான். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்குப் புரியவில்லை, தொட்டிக் கரையில் புரிந்தது. உங்கள் கதை இலாகாவில் யாராவது இதைப் படித்திருக்கலாம்.

அமெரிக்காக்காரர்களும் இப்படி எடுக்கவில்லையா என்று உங்கள் இயக்குநர் ஒரு பேட்டியில் கேட்டிருந்தார். எடுத்தார்கள். 2005 ஜனவரியில் என்பிசி என்ற சேனலில் தொடங்கி, நடுவில் சிபிஎஸ் என்ற சேனலுக்கு மாறி, ஏழு சீசன், 2011 வரை ஓடிய 'மீடியம்'. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் ஊரைச் சேர்ந்த அலிசன் டுபாய் என்ற பெண்ணைத் தழுவியது. கதாநாயகிக்கும் அதே பெயர்தான், தொடருக்கு ஆலோசகராகவும் அவரையே வைத்துக்கொண்டார்கள். நடித்த பட்ரீசியா ஆர்கெட்டுக்கு எம்மி விருது கிடைத்தது. எல்லாம் சரி. அந்தப் பெண்ணின் ஆவிப் பேச்சை நம்பாதவர்கள் அங்கேயே நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர் தன் பேரைத் தானே வெளியே சொல்லிக்கொண்டு, புத்தகம் எழுதி, வருகிறதைத் தானே தாங்கிக்கொண்டார். அந்தத் தொடரின் கதாநாயகிகூடக் கனவைத் தப்பாகப் புரிந்துகொண்டு தடுமாறுவாள், புருஷனிடம் சலித்துக்கொள்வாள், பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவாள். உங்கள் கதாநாயகி இன்றுவரை ஒரு தரம்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியது அந்த ஒரு தப்புதான். தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்த வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 1994-ஆம் வருஷத்துக் கேபிள் டிவி விதிகளில், மூடநம்பிக்கையை வளர்க்கிற நிகழ்ச்சி கூடாது என்று ஆறாம் விதியில் இருக்கிறது, மனு எழுதித் தா என்று என் கடைக்கே வந்தார்கள். நான் இன்னும் எழுதவில்லை. எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் நாள் முழுக்க முதுகு ஒடிந்து, ராத்திரி அரைமணி நேரம் உங்கள் தொடரைப் பார்த்து அழுகிறார்கள். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு எபிசோடில், அவள் சொல்வது தப்பாகட்டும். யாராவது அவளை நம்பி மூன்று நாள் உட்கார்ந்துவிட, அவளே எழுந்து வந்து, "டேசன்ல எழுதிக் குடுத்தியா?" என்று அதட்டட்டும். அது உங்கள் கற்பனைகூட இல்லை, அசல் அம்மாவின் அசல் வசனம். இனாமாகத் தருகிறேன். அந்த ஏட்டு வாயிலிருந்து இருபத்திநாலு மணி நேரத்தையும் எடுத்துவிடுங்கள். பல் குத்துவது இருக்கட்டும்.

அப்புறம், அந்த ட்ரோன் காட்சி. தினமும் டைட்டிலில் வருகிறது. அதை மாற்றுங்கள். வரிசையில் நின்றவர்கள் வரப்பு ஏறி மிதித்ததில் இரண்டு சால் தக்காளி போய்விட்டது. கூட்டம் வந்ததில் வருமானம்தானே என்று கேட்பீர்கள். தட்டில் விழுவது பம்பைக்காரருக்கும் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் போகிறது. அந்த அம்மாவுக்குச் சோறு தக்காளியில்தான். பாலக்கோடு மார்க்கெட்டில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு அது குறியில் தெரிவதில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். மிதித்த தக்காளிக்கும், வாங்கிப்போன வாழ்க்கைக்கும் என்ன தருவது நியாயம் என்று உட்கார்ந்து யோசித்து, ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். படித்துக் காட்ட நான் வருகிறேன்.

கிளம்பும்போது, உங்களுக்கு எழுதப்போகிறேன், சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டேன். வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே யோசித்தார். புளியமரத்தடியில் பம்பை தொடங்கிவிட்டது, யாரோ "அம்மா வர்றாங்க" என்று குரல் கொடுத்தார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ பெரிய பொட்டு வேணாம்னு எழுது கண்ணு. ஆடறப்ப வேர்த்து, கரைஞ்சி, கண்ணுல வுழும். எரியும். எனக்கு வுழுந்திருக்குது."

இப்படிக்கு,
காரிமங்கலம் பக்கம் மனு எழுதும் ஒருத்தி