எண்ட் ஆட்டக்காரரை உள்ளே நிறுத்துங்கள்: ஜயன்ட்ஸ் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் ஜயன்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் தற்காப்புப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். மூன்றாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு கெஜம் பாக்கி. எதிரணி பாஸ்தான் போடப்போகிறது என்பது அரங்கத்துக்கே தெரியும். அந்த நேரத்தில் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் ஒருவரையாவது உள்ளே கொண்டுவந்து, எதிரணித் தடுப்பு வரிசையில் நடுவை ஒட்டி நிற்கும் கார்டுக்கு எதிரே நிறுத்துங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் அணியே செய்துகாட்டிய வித்தைதான் இது.

2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆடிய 18 ஆட்டங்களையும் வென்று, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு வந்தது. நாக்அவுட் சுற்றுக்கு முந்தைய முறைப் பருவத்தின் 16 ஆட்டங்களில், அதன் குவார்ட்டர்பேக்கான (பந்தை எறிபவர்) டாம் பிரேடியை எல்லா அணிகளும் சேர்ந்து 21 முறைதான் சாக் செய்திருந்தன, அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தியிருந்தன. 2008 பிப்ரவரி 3 அன்று, ஒரே ஆட்டத்தில், ஜயன்ட்ஸ் ஐந்து முறை வீழ்த்தியது. அப்போதைய தற்காப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பக்னுவோலோவின் திட்டத்தில் மைக்கேல் ஸ்ட்ரேஹனும் ஓசி உமென்யோராவும் ஓரங்களில் இருக்க, அவர்களைப் போலவே எண்டான ஜஸ்டின் டக் உள்ளே வந்தார். முதல் பாதி முடியும் நேரத்தில் டக் பிரேடியை இடித்துப் பந்தை உதறவைத்தார். உமென்யோரா அதன்மேல் விழுந்தார். ஆட்டத்தை ஜயன்ட்ஸ் 17-14 என்று வென்றது.

ஓரத்திலிருந்து வருபவரிடம் தப்ப குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னே வருவார். உள்ளே வேகமான ஆள் இருந்தால் அந்த இரண்டடியே கிடைக்காது. கார்டுகள், தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் 300 பவுண்டுக்கு மேற்பட்ட டேக்கிள்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். 270 பவுண்டு ஆள் தோளைச் சாய்த்து, கையைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தால் அவர்கள் கால் தடுமாறும். இரு கார்டுகளுக்கும் நடுவில் நிற்கும் சென்டர் ஒரு பக்கத்துக்குத்தான் உதவிக்குப் போக முடியும். மறுபக்கத்துக் கார்டு தனியாக மாட்டுவார்.

பத்து ஆண்டு கழித்து, அதே பேட்ரியட்ஸுக்கு எதிரான சூப்பர் பௌலில், நம் போட்டி அணியான பிலடெல்பியா ஈகிள்ஸும் இதைச் செய்தது. நம் ரசிகர்களுக்கு அதை ஒப்புக்கொள்வது கசக்கும்தான். அன்று பிரேடி மொத்தம் 505 கெஜம் எறிந்தார், கடைசி நிமிடங்கள் வரை ஒரு முறைகூடச் சாக் ஆகவில்லை. அப்போதுதான் எண்டான பிராண்டன் கிரகாம் உள்ளே நின்று, கார்டு ஷாக் மேசனைத் தாண்டி, பந்தைத் தட்டிவிட்டார். அந்த ஆட்டத்தின் ஒரே சாக் அதுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. முதல் டவுனில் இப்படி நின்றால் எதிரணியினர் பந்தோடு நடுவிலேயே ஓடிவிடுவார்கள். எதிரணி ஆளை மாற்றாமல் விறுவிறுவென்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினால், எடை குறைந்த முன்வரிசை நால்வர் களத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். ஜேலன் ஹர்ட்ஸ் போன்று ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக் எதிரே இருந்தால், நால்வரும் அவரவர் வழியை விடாமல் பிடிக்க வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டு விலகினாலும் பத்து கெஜம் போய்விடும். அதனால் ஏழு கெஜத்துக்கு மேல் பாக்கி இருக்கும் மூன்றாவது டவுன்களில் மட்டும் போதும்.

அப்புறம், யாரை உள்ளே அனுப்புவது? மீந்துபோன நான்காவது ஆளை அனுப்பாதீர்கள். கை பலமும் முதலடி வேகமும் ஒருசேர உள்ளவரை அனுப்புங்கள். உள்ளே போகிறவர் இரண்டு பேரின் இடியை வாங்கிக்கொண்டு நிற்க, சாக் பக்கத்திலிருப்பவர் கணக்கில் ஏறும். எண்டுகளின் சம்பளமோ சாக் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. ஒப்பந்தம் பேசும்போது அந்த உழைப்பையும் கணக்கில் எடுக்கும்படி நிர்வாகத்திடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு அவசரத்தில் முயலாமல், பயிற்சி முகாமின் முதல் வாரத்திலேயே எண்டுகளைக் கார்டுகளுக்கு எதிரே நிறுத்திப் பழக்குங்கள்.

அன்புடன்,
ஒரு ஜயன்ட்ஸ் ரசிகர்