கோங்க் கிராமத்து ஐயாவுக்கு

தெற்கு பிரான்ஸின் அவேரோன் மாவட்டத்தில், துர்து ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டி இருக்கும் சின்னக் கிராமம் கோங்க். லு புய் ஊரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் நடந்து வந்தேன். கிராமத்துக்குள் இறங்கும் கடைசி இறக்கத்தில், ஈரக் கல்லில் கால் பிசகிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை.

எனக்கு பிரெஞ்சு நாலு வார்த்தைதான் தெரியும். நீங்கள் எதுவும் கேட்கவும் இல்லை, ஐயா. கழுத்துத் துணியை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்து என் கணுக்காலில் கட்டினீர்கள். அப்புறம் மடக்குக் கத்தியால் செஸ்ட்நட் கிளை ஒன்றை வெட்டினீர்கள். கை பிடிக்கும் இடத்தில் மட்டும் பட்டையைச் சீவி, முண்டு ஏதும் உறுத்துமா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தீர்கள். என் பையும் உங்கள் தோளுக்குப் போய்விட்டது. தேவாலய வாசல் வரை என் நடைக்கு ஏற்ப மெதுவாக வந்தீர்கள். பணம் நீட்டினேன், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அந்தத் தடியை ஊன்றித்தான் உள்ளே போனேன். பிரெஞ்சு ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்து 1994இல் முடிந்த 104 சன்னல்கள், நிறமில்லாத கண்ணாடி. அந்த வெளிச்சத்தில் உங்களை நினைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தடி இப்போது என் வீட்டுக் கதவோரம் இருக்கிறது. மிக்க நன்றி, ஐயா.