லினக்ஸ் டிஸ்க் திறக்கவில்லை என்றால் ஃபார்மேட் செய்ய வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்கை யுஎஸ்பி உறையில் பொருத்தி, வேறொரு லினக்ஸ் கணினியில் மவுண்ட் செய்யும் (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்கும்) முறையைத் தங்கள் கணினி கேள்வி-பதில் பகுதி தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், டிஸ்க் இடத்தை ஒன்றாகத் திரட்டித் தேவைக்கேற்பப் பிரித்துக்கொடுக்கும் எல்விஎம் முறையில் டிஸ்க் அமைக்கப்பட்டிருந்தால் அந்த வழி முதல் படியிலேயே நின்றுவிடும். அது சொல்லப்படாததால் இதை எழுதுகிறேன்.

எங்கள் அச்சகத்தின் உபுண்டு சர்வர் கணினியில் மதர்போர்டு போனது. திருமண அழைப்பிதழ் வடிவமைப்புகளும் வாடிக்கையாளர் கணக்குகளும் அதில்தான் இருந்தன. டிஸ்கை விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்த பழுதுநீக்குபவர், உள்ளே ஒன்றுமில்லை, ஃபார்மேட் செய்துவிடலாம் என்றார். நல்லவேளையாக நான் சம்மதிக்கவில்லை.

எல்விஎம் முறையில் கோப்புகள் டிஸ்கின் பிரிவான பார்ட்டிஷனில் நேரடியாக இருப்பதில்லை. பார்ட்டிஷன்கள் ஒரு வால்யூம் குரூப்பில் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து ஒதுக்கப்படும் லாஜிக்கல் வால்யூமுக்குள்தான் கோப்புகள் இருக்கும். அதனால்தான் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய முயன்றால் ‘எல்விஎம்2_மெம்பர்’ என்ற அறியாத வகை என லினக்ஸ் மறுக்கிறது. இது டிஸ்க் கெட்டதற்கு அடையாளமல்ல. ‘விஜிசேஞ்ச் -ஏஒய்’ கட்டளையால் குரூப்பைச் செயல்படுத்திய பிறகு, பார்ட்டிஷனை விட்டுவிட்டு லாஜிக்கல் வால்யூமை மவுண்ட் செய்ய வேண்டும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. புதிய கணினியிலும் உபுண்டு சர்வரையே நிறுவியிருந்தோம். அது குரூப்புக்கு வழக்கமாக ‘உபுண்டு-விஜி’ என்றே பெயர் வைப்பதால், குரூப்புகளைப் பட்டியலிடும் ‘விஜிஎஸ்’ கட்டளையைத் தட்டியதும் ஒரே பெயர் இரண்டு வரிகளில் வந்து நின்றது. இத்தகைய நேரத்தில் ‘பிவிஎஸ் -ஓ +விஜி_யுயுஐடி’ என்று கேட்டால், எந்த டிஸ்கில் எந்தக் குரூப் இருக்கிறது என்பது அதன் தனி அடையாள எண்ணோடு தெரியும். வெளி டிஸ்குக்குரிய எண்ணை ஓரெழுத்தும் பிசகாமல் ‘விஜிரீநேம்’ கட்டளைக்குக் கொடுத்து, அந்தக் குரூப்புக்கு மட்டும் புதுப் பெயர் சூட்டினேன். தவறி ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் குரூப்பைப் பெயர் மாற்றிவிட்டால், அடுத்த முறை அது பூட் ஆகாமல் போகலாம் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது. பின்னர் படிக்க மட்டும் அனுமதிக்கும் ‘ஆர்ஓ’ விருப்பத்துடன் மவுண்ட் செய்து, எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்தோம்.

குரூப் இரண்டு டிஸ்குகளில் பரவியிருந்தால் இரண்டையும் இணைக்க வேண்டும். டிஸ்கை மறையாக்கம் செய்யும் லக்ஸ் பூட்டு இருந்தால் அதை முதலில் கடவுச்சொல் கொடுத்துத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் அன்மவுண்ட் செய்து, ‘விஜிசேஞ்ச் -ஏஎன்’ கட்டளையுடன் அந்தக் குரூப்பின் பெயரைக் கொடுத்துச் செயல்நீக்கிய பின்னரே கேபிளைக் கழற்ற வேண்டும்.

அடுத்த கேள்வி-பதில் பகுதியில் இந்த விவரங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்