அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மறதி நோய் என்றால் நோயாளியைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேசுகிறோம். சம்பளத்துக்கு வந்து கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 78 வயது, அல்சைமர் என்னும் மறதி நோய். நான் வேலைக்குப் போகிறேன். ஏஜென்சி மூலம் வந்த ஓர் அக்காதான் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் ஐந்து மணியானால் போதும், அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, “எங்க வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்” என்று வாசலுக்குப் போய்விடுவார். “இதுதாம்மா உங்க வீடு” என்று அக்கா சொல்லச் சொல்லக் கோபம் ஏறும். ஒருநாள் அக்காவின் கையைக் கடித்தே விட்டார். தோட்டைத் திருடிவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியதும் உண்டு. தோடு அரிசி டப்பாவுக்குள் கிடந்தது.

மூன்று மாதம் கழித்து அக்காவே ஒரு வழி கண்டார். “வாங்கம்மா, போவோம்” என்று கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடப்பார். “காபி குடிச்சிட்டுப் போகலாமா?” என்று கேட்டு அப்படியே திரும்பக் கூட்டிவந்துவிடுவார். மறுத்துப் பேசாதே, கூடப் போ என்பது இந்த நோயில் பாலபாடம். ஏஜென்சியில் பிபி பார்க்கவும், டியூபில் கஞ்சி கொடுக்கவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொடுத்தார்களாம். மறதி நோய் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புது ஆள் வந்தால் அம்மா பயந்து சாப்பிட மாட்டார். அதனால் சொந்த மகளின் வளைகாப்புக்குக்கூடக் காலையில் போய் மத்தியானமே திரும்பிவிட்டார் அக்கா. ராத்திரித் தூக்கம் அவருக்கு எப்போதோ போய்விட்டது.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லாத நோயில் பராமரிப்புதான் பெரிய வைத்தியம். போன மாதம் ஒரு டாக்டர் பத்து நிமிடம் ஒதுக்கி அக்காவிடம் பேசினார். அதைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார் அக்கா.

2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடுதேடி வந்து சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை தருகிறது. அதில் வரும் செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும், அக்காவைப் போன்றவர்களுக்கும் மறதி நோய்ப் பயிற்சியை அரசு கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும், மாவட்டந்தோறும் பகல்நேரப் பராமரிப்பு மையமும் வேண்டும். வாரத்தில் ஒருநாள் அம்மாவை அங்கே விட முடிந்தால், அன்றைக்கு அக்கா ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வாசகி,
மதுரை