ஸ்டெல்லாவுக்கு, அந்த இரண்டு இரவுகளைப் பற்றி

சேலம், ஃபேர்லேண்ட்ஸ்
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் வாய்ஸ் மெசேஜுக்கு வாட்ஸப்பில் நாலு வரி தட்டிவிட்டால் எனக்கே திருப்தியாக இருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் வீட்டுச் சேதி. போன வாரம் ஏற்காடு போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி தேவலை, வாசல் வரைக்கும் தடி இல்லாமலே வந்தார்கள். காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது, பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்று ஒரே புலம்பல். அன்றைக்கு மலையில் நல்ல மூடுபனி, இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ் ஊர்ந்துதான் ஏறியது. உன் தம்பி வாரா வாரம் போன் செய்கிறானாம், அதில் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். மருந்தெல்லாம் இந்த மாசத்துக்கு இருக்கிறது, நீ கவலைப்படாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் எபிகா, கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் கலந்த சிம்பொனிக் மெட்டல் பாடும் டச்சு பேண்ட், அதைப் பற்றித்தான். ஒரே பேண்ட், அதே பாட்டுகள், முந்தின நாள் ராத்திரி பார்த்துவிட்டு மறுநாளே நாடு விட்டு நாடு போய் மறுபடி பார்த்தாயா என்று கேட்டாய். அதோடு இன்னொன்றும் சொன்னாய், அதுதான் மனசிலேயே நின்றது: “பாதி சத்தம் கம்ப்யூட்டர்ல இருந்து வருது, மேடையில கோரஸும் இல்ல, வயலினும் இல்ல, அப்புறம் என்னடி லைவ்?” பாடகர் குழுவில் இத்தனை வருஷம் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடியவள் நீ, உனக்கு அந்தக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு ராத்திரிக்கும் பிறகு என்னால் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

தங்கை நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். சிப் தயாரிக்கிற இயந்திரம் செய்யும் கம்பெனியில் மாப்பிள்ளைக்கு வேலை. நான் போயிருந்த சமயத்தில் எபிகா பக்கத்திலேயே தில்பர்கில் பாடினார்கள், மறுநாள் ஜெர்மனியில் கொலோனில். இரண்டுக்கும் டிக்கெட் போட்டேன். தில்பர்க் அரை மணி நேர ரயில் தூரம்தான். கொலோனுக்கு வென்லோவில் இறங்கி வண்டி மாறி, டுசல்டார்ஃப் வழியாகப் போக வேண்டும். தங்கை முதல் நாள் கூட வந்தாள், இரண்டாம் நாள் நான் மட்டும்.

தில்பர்கில் 013 என்று ஓர் அரங்கம், மூவாயிரம் பேர் நிற்கலாம். கதவு திறந்ததும் ஓடிப்போய்க் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பாடகி சிமோன் சிமன்ஸ் கண்ணெதிரே நிற்கிறார், அவ்வளவு கிட்டே. பதினேழு வயதில் இந்தக் குழுவில் சேர்ந்தவர். நம்மைப் போலவே பின்லாந்துக் குழு நைட்விஷ்ஷின் ‘ஓஷன்பார்ன்’ ஆல்பம் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருக்கிறார் என்று உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவர் தாழ்ந்த ஸ்வரத்தில் தொடங்கும்போது தாடை எப்படி இறங்குகிறது, மேலே போகிற வரிக்கு முன்னால் விலா எப்படி விரிகிறது என்பதெல்லாம் அங்கிருந்து தெரிந்தது. இந்தப் பக்கம் மார்க் யான்சன், உறுமல் குரல். கீபோர்டு வாசிக்கிற கூன் யான்சன் வளைந்த ஒரு கீபோர்டை மாட்டிக்கொண்டு மேடை முழுக்கச் சுற்றுகிறார், ஓரிடத்தில் நிற்கிறதே இல்லை. கண்ணுக்கு அவ்வளவு வேலை.

ஆனால் காது? முன்வரிசையில் நிற்பவருக்குப் பாட்டு முழுசாக வராது ஸ்டெல்லா. பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு ஓரத்திலும் உயரத்தில் தொங்கி, நம் தலைக்கு மேலே பின்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பாடுகின்றன. தாழ்ந்த ஒலிக்கான பெட்டிகள் மட்டும் மேடை அடியில், நம் வயிற்றுக்கு நேரே. டிரம்ஸில் இரண்டு காலாலும் டபுள் பெடல் அடிக்க ஆரம்பித்தால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பம்பைக்காரர் பக்கத்தில் நிற்கிற மாதிரிதான், நெஞ்செலும்பு தானாக அதிருகிறது. கோரஸ், வயலின், கொம்பு எல்லாம் அதற்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நசுங்கின. பாட்டுக்கு நடுவே அவர்கள் டச்சில் பேசினார்கள், சுற்றி எல்லாரும் சிரித்தார்கள், தங்கை பாதியை மொழிபெயர்த்தாள். அழுதேன், குதித்தேன், தொண்டை கட்டியது. அன்றைக்கு அதுவே நிறைவாகத்தான் இருந்தது.

மறுநாள் கொலோன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியூல்ஹைமில் பழைய தொழிற்சாலை ஒன்றை அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள், பல்லாடியம் என்று பெயர். செங்கல் சுவர், மேலே இரும்பு உத்தரங்கள். இந்த முறை வேண்டுமென்றே முன்னால் போகவில்லை. அரங்கத்தின் நடுவில் சற்றுப் பின்னால் மிக்சர் மேசை இருக்குமே, அதன் தடுப்பில் சாய்ந்து நின்றேன். ஒலியை அமைப்பவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். ஆகவே அந்த அரங்கத்திலேயே சரியாகக் கேட்கும் இடம் அவர் நிற்கிற இடம்தான். பிள்ளைகளுக்கு ஒலி அலைகள் பாடம் எடுக்கும்போது இனிமேல் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் நாள் பார்த்ததால் அடுத்து எந்தப் பாட்டு, எங்கே நெருப்பு எரியும், எங்கே விளக்கு அணையும் என்று எல்லாம் தெரியும். கண்ணுக்கு வேலை குறைந்துவிட்டது. அப்போதுதான் கேட்க ஆரம்பித்தேன். ‘க்ரை ஃபார் த மூன்’, அவர்களுடைய முதல் ஆல்பத்துப் பாட்டு, 2003. இருபது வருஷத்துக்கு மேலாக நமக்கு மனப்பாடம். பாதிரியார்கள் சிலர் குழந்தைகளுக்குச் செய்த கொடுமையைப் பற்றிய பாட்டு என்று தெரிந்தபோது நீ ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதைப் பாடத்தான் வேண்டும் என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அதன் கடைசியில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். தில்பர்கில் என்னைச் சுற்றி நின்றவர்கள் கத்தியது மட்டும்தான் காதில் விழுந்தது. கொலோனில் பதிவு செய்த கோரஸ் ஸ்பீக்கரில் வருகிறது, அதன் மேல் சிமோன், அதற்கும் மேல் அரங்கம் முழுக்க நிற்கிற ஜனம். ஆண்கள் கீழே, பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே, நடுவில் யாரோ ஒருவர் மூன்றாவது ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த மூன்றாவது ஸ்வரம் உன்னுடையதுடி. டிசம்பர் ஒத்திகையில் எல்லாரும் சோப்ரானோ மெட்டுக்கு ஓடும்போது நீ மட்டும் பிடிவாதமாக நிற்பாயே, அதே இடம்.

நீ சொன்னது உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் கம்ப்யூட்டரில் இருந்துதான் வருகின்றன. டிரம்ஸ் அடிப்பவர் காதில் தாளம் காட்டும் கிளிக் ஓடுகிறது, அதை விட்டு அவர் நகரவே முடியாது, நகர்ந்தால் வயலின் ஒரு பக்கம் டிரம்ஸ் ஒரு பக்கம் போய்விடும். ஆறு பேர் ஒரு பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிற பிழைப்பில் இத்தனை வாத்தியக்காரரையும் பாடகரையும் தினமும் கூட்டிக்கொண்டு போக எந்தக் குழுவாலும் ஆகாது. எப்போதாவது செய்கிறார்கள். விதின் டெம்ப்டேஷன் என்கிற இன்னொரு டச்சுக் குழு 2008-இல் ராட்டர்டாம் அஹோய் அரங்கத்தில் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவோடு செய்தார்கள். எபிகா பத்தாவது ஆண்டுக்கு 2013 மார்ச்சில் ஹங்கேரி ஆர்கெஸ்ட்ராவையும் கோரஸையும் வரவழைத்துச் செய்தார்கள், அதுவும் ஐந்தோவனிலேயே, க்ளோக்கபோவ் என்கிற பழைய பிலிப்ஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில். தங்கை வீட்டில் இருந்து சைக்கிள் தூரம். ஒரு சாயங்காலம் போய் அந்த மணிக்கூண்டைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் இதை யோசித்துப் பார். ஆர்கெஸ்ட்ராவின் வேகம் இரண்டு ராத்திரியும் ஒரு இம்மி மாறவில்லை, மாறவும் முடியாது. அப்படி ஒன்று அசையாமல் நிற்பதால்தான் அசைகிறவை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. சிமோன் ஒரு சொல்லைக் கொஞ்சம் தாமதித்து எடுத்தது, நீட்ட வேண்டிய இடத்தில் சட்டென்று விட்டது, மெதுவான பாட்டில் கொலோன் கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றது. முந்தின நாள் கேட்டவளுக்குத்தான் இது பிடிபடும். ஒரே ஒரு நாள் போயிருந்தால் அற்புதம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன், எது அற்புதம் என்று சொல்லத் தெரிந்திருக்காது. நம் ஊரில் ஒரே வித்வான் ஒரே ராகத்தை அடுத்தடுத்து இரண்டு சபாவில் பாடினால் இரண்டுக்கும் போகிறவரை ரசிகர் என்கிறோம், இதற்குப் போனால் மட்டும் ஏன் என்று கேட்கிறோம். எனக்கு அது சரியாகப்படவில்லை.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது. 2005 அக்டோபரில் பாடகி தார்யாவை நீக்கிவிட்டோம் என்று நைட்விஷ் அந்தத் திறந்த கடிதத்தைப் போட்டபோது ஐந்து ரோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தோம், நீ அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸுக்கே வரவில்லை. அவர் குரலோடு அந்தக் குழுவை நாம் இனிப் பார்க்கவே முடியாது. அப்புறம் 2012-இல் சுற்றுப்பயணத்தின் நடுவே பாடகி ஃப்ளோர் யான்சன் வந்து காப்பாற்றினார், சரி, அவரையாவது பார்க்கலாம் என்றிருந்தேன். இப்போது ‘யெஸ்டர்வைண்ட்’ ஆல்பத்துக்குச் சுற்றுப்பயணமே கிடையாது என்றுவிட்டார்கள். மார்க்கும் ஃப்ளோரும் முன்பு ஆஃப்டர் ஃபாரெவர் என்கிற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள், ஒரே குடும்பப் பெயர், ஆனால் சொந்தமில்லை என்று நீதான் எனக்கு முதலில் சொன்னாய். அந்த ஒரு குழு உடைந்ததில் இருந்து இத்தனை பாட்டு கிளைத்திருக்கிறது. இருக்கும்போதே போய்க் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

காதைப் பற்றிக் கவலைப்பட்டாய். இரண்டு நாளும் அடைப்பான் போட்டுக்கொண்டேன். வெறும் பஞ்சு இல்லை, எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவாகக் குறைக்கிற சிலிகோன் வகை. ஜெர்மனியில் அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று தரவிதி இருக்கிறது. அதுவே அதிகம்தான், தொடர்ந்து இரண்டு இரவு என்றால் கேட்கவே வேண்டாம். உனக்கும் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். பாடுகிறவள் நீ, உன் காது எனக்கு முக்கியம்.

ஒரு வேலை தருகிறேன், மஸ்கட்டில் உனக்கு வெள்ளி விடுமுறைதானே. 2013 ஐந்தோவன் பதிவு இருக்கிறது, ‘ரெட்ரோஸ்பெக்ட்’ என்று பெயர். நல்ல ஹெட்போன் போட்டு இரண்டு முறை கேள். முதல் முறை படத்தோடு, இரண்டாம் முறை திரையைத் திருப்பி வைத்துவிட்டு. ஆல்டோ எங்கெல்லாம் கேட்கிறது என்று குறித்து எனக்கு எழுது. உனக்குக் கேட்கிறது எனக்குக் கேட்காது.

ஜனவரியில் நீ வரும்போது அம்மாவோடு நாலு நாள் இருந்துவிட்டு இங்கே வந்துவிடு. பெங்களூருவில் மெட்டல் கச்சேரிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, சிம்பொனிக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏதாவது ஒன்றுக்கு இரண்டு பேரும் போவோம். ரயில் டிக்கெட் நான் போடுகிறேன், நீ தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லு, பொங்கல் கூட்டத்தில் அப்புறம் கிடைக்காது.

உன்
கலை