ஃபுட்டி வர்ணனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: அப்பா ஆப்லெட்டை ஏன் கீழே தள்ளுகிறீர்கள்?

ஏ.எஃப்.எல். என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வர்ணிப்பவர்களுக்கும், எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர்கள் என்று பட்டியல் போடும் நிபுணர்களுக்கும் வணக்கம்.

கேரி ஆப்லெட், அவர் மகன் கேரி ஆப்லெட். இருவருக்கும் ஒரே பெயர், ஜிலாங் அணியின் அதே நீல வெள்ளைக் கோட்டுச் சட்டை. இவர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு வந்தாலே நீங்கள் பதக்கத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறீர்கள். மகனுக்கு ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கம் இரண்டு, பிரீமியர்ஷிப் என்ற லீக் கோப்பை இரண்டு. அப்பாவுக்கு இரண்டிலும் பூஜ்யம். ஆகவே மகன்தான் பெரியவர், பேச்சு முடிந்தது. இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மகனின் ஆட்டத்தின் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம் உண்டு. ஆனால் அப்பாவுக்கு நடக்கிற அநியாயம் மனசைக் குடைகிறது.

முதலில் பிரௌன்லோ. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூன்று பேருக்கு 3, 2, 1 என்று வாக்குப் போடுகிறார்கள். லீக் சுற்று ஆட்டங்களுக்கு மட்டும்தான் இந்த வாக்கு. இறுதிச்சுற்றில் ஒருவர் என்ன செய்தாலும் அது கணக்கில் ஏறாது. நடுக்களத்தில் நாள் முழுக்கப் பந்தோடு இருப்பவர்தான் நடுவர் கண்ணில் அடிக்கடி படுவார், முன்களத்தில் நிற்பவர் அல்ல. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், முன்களத்தில் ஆடிய அப்பாவை இந்தத் தராசில் ஏன் நிறுத்துகிறீர்கள்?

அந்த இறுதிச்சுற்றில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1989-இல் நான்கு ஆட்டங்களில் 27 கோல். அதில் ஒன்பது, ஹாதார்னுக்கு எதிரான கிராண்ட் ஃபைனலில், அதாவது கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில். (இதை என் தமிழ் நண்பர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக: அணிக்குப் பதினெட்டுப் பேர், நீள்வட்டப் பந்து, நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஒரு கோல், அதற்கு ஆறு புள்ளி.) முதல் கால்பகுதி முடியும்போது ஜிலாங் 40 புள்ளி பின்னால் கிடந்தது. கடைசியில் 144-க்கு 138, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. தோற்ற அணியில் இருந்தும் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குத்தான் போனது. ஒரு மனிதன் தனியாக 54 புள்ளி எடுத்துக் கொடுத்த பிறகும் கோப்பை வரவில்லை என்றால், அது யார் குறை? ஜிலாங் 1992, 1994, 1995 கிராண்ட் ஃபைனல்களிலும் தோற்றது. அந்தத் தோல்விகளையெல்லாம் அவர் ஒருவர் பேரில் எழுதுகிறீர்கள்.

1993-இல் எசென்டனுக்கு எதிராக 14 கோல் அடித்தார், அப்போதும் அணி தோற்றது. அந்த ஆண்டு 17 ஆட்டங்களில் 124 கோல். அடுத்த இரண்டு ஆண்டுகளும் நூறைத் தாண்டினார். அதிக கோலுக்கான கோல்மன் பதக்கம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவருக்கே. பட்டியல் போடும்போது இந்தப் பதக்கம் மட்டும் உங்களுக்கு ஏனோ மறந்துபோகிறது.

நான் இந்த நாட்டுக்கு வரும் முன்பே அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார். பழைய பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். 1994 பிரிலிமினரி ஃபைனல், அதாவது கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய சுற்று, நார்த் மெல்போர்னுக்கு எதிராக. புள்ளிகள் சமம், சைரன் ஊத ஒரு சில விநாடிதான் பாக்கி. நீளமாக ஒரு உதை கோல் பக்கம் வருகிறது. ஆப்லெட் தன்னைக் காவல் காக்கும் ஆளுக்கு முன்னால் பாய்ந்து பந்தை மார்பில் அணைத்துக்கொள்கிறார். சைரன் ஊதிவிட்டது. கூட்டம் கத்துகிறது, அவர் நிதானமாக நடந்து வந்து உதைக்கிறார். கோல். எத்தனை முறை பார்த்தாலும், உதைக்கும் முன் அந்த முகத்தில் பதற்றம் இருக்கிறதா என்றுதான் தேடுவேன். இல்லை.

சரி, மகனுக்கு வருகிறேன். ‘தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்’ என்பார்கள் எங்கள் ஊரில். இங்கே அந்தப் பழமொழி பொருந்தாது. குட்டி பாய்ந்த திசையே வேறு. முன்னாள் வீரரின் மகனை அவருடைய அணியே எடுத்துக்கொள்ள இடம் தரும் தந்தை–மகன் விதிப்படி, 2001 புது வீரர் தேர்வில் 40-ஆவது இடத்தில்தான் ஜிலாங் அவரை எடுத்தது. அப்பா பேரில் உள்ளே வந்தவர் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. முதல் சில ஆண்டுகள் அவரும் முன்களத்தில்தான் ஆடினார். 2006 முடிவில் அணித்தோழர்களே அவரைக் கூப்பிட்டு, உன் திறமைக்கு நீ உழைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உடம்பைத் தேற்றி நடுக்களத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே ஜிலாங் 44 வருடத் தாகம் தீர்ந்து கோப்பையை வென்றது, 119 புள்ளி வித்தியாசத்தில். அந்த அணியில் அவர் தம்பி நேதனும் இருந்தார்.

ஜிலாங்கின் சொந்த மைதானமான கார்டினியா பார்க்கில் மகனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான்கு பேர் மேலே விழுந்து புரளும் குவியலுக்குள் குனிந்து போவார். இடுப்பை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பார், பிடிக்க வந்தவன் மறு பக்கம் போய் விழுவான். அதற்குள் பந்து கையால் குத்தப்பட்டு, காலியாக நிற்கும் தோழனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அப்பாவைப் போல வானத்தில் ஏறிப் பந்தைப் பிடிக்கும் காட்சி இதில் இல்லை. ஆனால் இதை ஒரு ஆட்டத்தில் முப்பது தடவை, வருடம் முழுக்கச் செய்தார். 2011-இல் புத்தம் புதிய கோல்ட் கோஸ்ட் அணிக்குத் தலைவராகப் போய், வாரா வாரம் தோற்கும் அணியிலும் அதையே செய்தார். இரண்டாவது பிரௌன்லோ அங்கேதான் கிடைத்தது.

அப்படியானால் யார் பெரியவர்? என்னைக் கேட்டால், ஒரு முழு சீசனுக்கு அணியை ஒப்படைக்க வேண்டுமானால் மகன். ஒரே ஒரு ஆட்டம், இன்று தோற்றால் எல்லாம் போச்சு என்றால் அப்பா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் பதில் வேறாக இருக்கலாம், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தப் பதிலை ஆட்டத்தை வைத்துச் சொல்லுங்கள், அலமாரியில் இருக்கும் பதக்கத்தை வைத்துச் சொல்லாதீர்கள்.

2020 கிராண்ட் ஃபைனல் மகனின் கடைசி ஆட்டம். தொடக்கத்திலேயே தோள்பட்டை போய்விட்டது. உள்ளே போய் மருத்துவம் பார்த்துக்கொண்டு திரும்பி வந்து கடைசிவரை ஆடினார். ஜிலாங் தோற்றது. அவர் வெளியேறும்போது எதிரணி ரிச்மண்ட் வீரர்களும் சேர்ந்து இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி அனுப்பினார்கள். தோற்ற கிராண்ட் ஃபைனல் என்பதால் அன்று அவரை யாரும் குறைத்துப் பேசவில்லை. நீங்களும் பேசவில்லை, அது சரிதான். அதே நியாயத்தை 1989-க்கும் கொடுங்கள். அடுத்த முறை பட்டியல் போடும்போது அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் போடுவதற்கு முன், அந்த ஒன்பது கோலையும் வெட்டாமல் ஒருமுறை திரையில் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஜிலாங்கின் தமிழ் ரசிகன் ஒருவன்