வடகடல் ஏன் அடங்கிக் கிடந்தது? பேய்ப்படம் எடுத்த தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை வீட்டில் தனியாக, பேரனின் கைப்பேசியில். இரண்டாம் முறை, போன மாதம் நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நீங்கள் திரை கட்டிக் காட்டியபோது, ஊரோடு சேர்ந்து. வரமுடியாமல் போனவர்களுக்காக மறுநாள் இரவு மறுபடியும் ஓட்டினீர்கள் அல்லவா, அன்றைக்கு நான் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. மேடையை ஒட்டிய தூணோரம் நின்று, உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன். இராமநாதபுரத்தில் ஒரு தியேட்டரில் இருபத்தாறு ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவனுக்கு அது விட்டுப்போகாத பழக்கம். அடுத்த மெஷினில் ரீலை மாட்டி, விளக்கின் கார்பன் குச்சியையும் சரிசெய்து வைத்துவிட்டால், ஓடுகிற ரீல் முடியும்வரை அந்தச் சின்னச் சதுர ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எந்தக் காட்சியில் இருமல் கிளம்புகிறது, எந்தக் காட்சியில் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள், எந்தக் காட்சியில் கைக்குழந்தைகூட அழாமல் இருக்கிறது என்பதை வைத்தே அந்தப் படம் எத்தனை நாள் தாங்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். உங்கள் கையைப் பிடித்து "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பிறகு டீக்கடையிலும் பாலத்தடியிலும் மீன் ஏலம் நடக்கிற இடத்திலும் என்னிடம் சொன்னவற்றை உள்ளபடியே எழுதுகிறேன். உங்கள் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றுகிறது.

முதலில் ஊற்றுக் காட்சி. தனுஷ்கோடி மணலில் நாலைந்து அடி தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த ஊற்றில் ஒரு பெண் குனிந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். சிரட்டை மணலில் உரசுகிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம், மறுபடியும் உரசல். குடம் நிறைந்ததும் அவள் இடுப்பில் ஏந்திக்கொண்டு குடிசைக்குள் போய்விடுகிறாள். கேமரா ஊற்றின் பக்கம் திரும்பவேயில்லை, அவளோடு உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் வெளியே மொள்ளுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று என்ன செய்தது தெரியுமா? பேய்ப்படம் பார்க்கிற பிள்ளைகள் கண்ணைத்தான் பொத்திக்கொள்ளும். அது கண்ணை அகல விரித்துக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அவளுக்குப் பின்னால் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர், வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். நான் தியேட்டரில் இருந்த காலத்தில் எத்தனையோ பேய்களைத் திரையில் ஓட்டியிருக்கிறேன்; காதைப் பொத்தவைத்த பேயை அன்றுதான் பார்த்தேன். அந்தக் காட்சிக்கு உங்களுக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு சிரட்டை, ஒரு குடம், ஒலிப்பதிவுக்கு ஓர் இரவு.

ஆகையால், காசில்லாததுதான் படத்தின் குறை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊரில் எவரும் அப்படிச் சொல்லவும் இல்லை. 2007-இல் வந்த 'பாரநார்மல் ஆக்டிவிட்டி' படத்தை அதன் இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய ஒரு வாரத்தில், 15,000 டாலர் அளவிலான செலவில் எடுத்து முடித்தார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரவில் தானாக அசைகிற ஒரு கதவை வைத்துக்கொண்டே அவர் உலகத்தைப் பயமுறுத்தினார். ஆனால் காசில்லாமல் பயமுறுத்துகிறவன் வேறொரு விதத்தில் கடன்படுகிறான். 1999-இல் வந்த 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தில் சூனியக்காரி கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை. போட்ட காசைப் போலப் பல நூறு மடங்கு அந்தப் படம் வசூலித்தது. இருந்தும், படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் அப்போதே மதிப்பெண் வாங்குகிற அமெரிக்கச் 'சினிமாஸ்கோர்' கணக்கில் அதற்குக் கிடைத்தது 'சி பிளஸ்' மட்டுமே. பயந்து நடுங்கியவர்களும் ஏமாந்தோம் என்று முணுமுணுத்தவர்களும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். காட்டாமல் விட்டதைப் பார்க்கிறவர் தன் மனத்தில் தானே வரைந்துகொள்கிறார். வரைந்ததற்குக் கணக்குக் கேட்கவும் செய்கிறார்.

நம் ஊரார் கேட்ட கணக்கு கடலைப் பற்றியது.

உங்கள் கதை டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் நடக்கிறது. 1964-இல் அதே இரவில்தான் புயல் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் தனுஷ்கோடி ஊரையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்த நாளை நீங்கள் தேர்ந்தெடுத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. அந்த இரவு வருவதற்கு முன்னால், அன்று மாலையில், குடிசை வாசலிலிருந்து இரண்டு பக்கத்துக் கடலையும் மாறி மாறிக் காட்டுகிறீர்கள். தெற்கே ஆண்கடல் கரையை மோதிப் பிளக்கிறது. வடக்கே பெண்கடல் குளம் மாதிரி, ஒரு மடிப்புகூட இல்லாமல் கிடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது அழகான படம். மார்கழி மாதத்தில், வாடைக்காற்று அடிக்கிற காலத்தில், கொந்தளிக்க வேண்டியது வடகடல் அல்லவா? ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போதுதான் தென்கடல் பொங்கும், வடகடல் படுத்துக்கிடக்கும். வாடை திரும்பினால் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் வள்ளத்தை இறக்குவது என்று நம் ஆட்கள் முடிவுசெய்வதே இதை வைத்துத்தானே.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர் வள்ளம் வைத்திருக்கிறவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தக் காட்சி வந்ததும் அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த மகனின் தொடையைத் தட்டி ஏதோ சொன்னார். பிறகு ஒவ்வொரு முறை கடல் தெரிந்தபோதும் அவர் முகம் முன்னால் வந்ததை நான் கவனித்தேன். முடிந்த பிறகு அவரிடமே போய்க் கேட்டேன். "மார்கழியில வடகடல் இப்படி அடங்குனா அது நல்லதுக்கில்ல. என்னமோ வந்து உக்காந்திருக்கு, அதான் கடல் மூச்ச விடலன்னு நெனச்சேன். ஏன் அடங்குச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே" என்றார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது.

தம்பி, இதை நீங்கள் நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. வேறு வகைப் படத்தில் இது ஒரு சின்னப் பிழை. பார்த்தவர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார். மர்மப் படத்தில் அப்படி இல்லை. திரையில் வருகிற ஒவ்வொரு பொருளும் துப்பாக இருக்கலாம் என்று நீங்களே அவரை முதல் காட்சியிலிருந்து பழக்கி வைத்திருக்கிறீர்கள்; கோணலாகத் தொங்குகிற நாள்காட்டியையும் கிழிந்த வலையையும்கூட அவர் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்கிறார். அவர் கண்ணுக்குப் பிழையும் துப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். அதிலும் பேய் வருகிற கதையில், இயற்கை முறை மாறி நடப்பதைவிடப் பெரிய துப்பு என்ன இருக்கிறது? கடலை நன்றாக அறிந்தவர் எவரோ அவரே உங்கள் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்தார். அவருக்குத்தான் நீங்கள் பதில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

மழைக்காலத்தில் கேமரா வாடகையும் ஆட்களின் கூலியும் வீணாகிவிடும் என்பதால் ஆனி மாதத்திலேயே எடுத்து முடித்ததாகச் சொன்னீர்கள். அது நியாயமான காரணம்தான். கையில் இருக்கிற காசுக்குத் தகுந்தபடி எடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதற்கு வழியும் உங்கள் படத்திலேயே இருந்தது. ஊற்றைக் காட்டாமல் ஊற்றின் சத்தத்தைக் கேட்கவைத்த நீங்கள், வடகடலையும் காட்டாமல் அதன் இரைச்சலை மட்டும் கேட்கவைத்திருக்கலாம். அல்லது டப்பிங்கில் ஒரே ஒரு வரி. அந்தக் கிழவர் வாசலில் நின்று கடலைப் பார்க்கிறாரே, அங்கே அவர் "மார்கழியில இது ஏன் இப்படிக் கிடக்குது" என்று மட்டும் முணுமுணுத்திருந்தால், உங்கள் பிழை முழுவதும் துப்பாக மாறியிருக்கும். அந்த வள்ளக்காரர் தம் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்.

இளைஞர்களின் கருத்து வேறு. கல்லூரிக்குப் போகிற பையன்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி "ஸ்லோவா இருக்கு" என்றார்கள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த படத்தில் வேகமாக வெட்டிவிடாதீர்கள். அவர்களின் கைப்பேசிகள் எப்போது ஒளிர்ந்தன என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வசனமே இல்லாத அந்த நீண்ட ஊற்றுக் காட்சியில் ஒன்றுகூட ஒளிரவில்லை. இடைவேளைக்குப் பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் உட்கார்ந்து, ஏற்கெனவே நாம் கண்ணால் பார்த்த மூன்று சாவுகளையும் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்கிறார்களே, அங்கேதான் பின்வரிசை முழுவதும் வெளிச்சமாயிற்று. தெரிந்ததையே திரும்பக் கேட்பதைத்தான் அவர்கள் ஸ்லோ என்கிறார்கள். அந்தக் காட்சியை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. பின்னணி இசை சில இடங்களில் சத்தத்தைக் கெடுக்கிறது என்றும் இரண்டொருவர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நடித்தவர்களைப் பற்றி ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை.

'லாஜிக் இல்லை' என்று சொன்னவர்களிடம் நான் கொஞ்சம் வாதாடினேன். 2012-இல் 'பீட்சா' வந்தபோது, பார்த்தவர்களையே அந்தப் படம் நெடுநேரம் ஏமாற்றியிருந்தது; ஏமாந்தவர்கள் கோபப்படாமல் கைதட்டினார்கள். காரணம், முடிச்சு அவிழ்ந்தபோது முன்னால் பார்த்தவை எல்லாம் புதுக் கணக்கில் சரியாகப் போய் உட்கார்ந்தன. பேய் உண்டா இல்லையா என்று நம் ஊரில் ஒருவரும் லாஜிக் கேட்கவில்லை. விட்டுப்போன முடிச்சுகளைத்தான் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் இடதுபக்கம், நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்திருந்த ஆத்தாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புயலடித்தபோது அவர் சிறுபிள்ளை. தனுஷ்கோடியில் இருந்த தாய்வழிச் சொந்தங்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. ரயிலில் போன பெண்ணைப் பேயாகக் காட்டுகிறீர்களே, அவர் மனம் புண்பட்டுவிடுமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டே பேசினார். பேயாக வந்ததில் அவருக்கு எந்த மனக்குறையும் இல்லை. "வராம எங்க போகும், இங்கன கெடந்த புள்ளதானே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "வந்தது யாருன்னு சொல்லிப்புட்டான். என்னத்துக்கு வந்துச்சுன்னு சொல்லலையே. தண்ணி கேட்டுச்சா, வீடு கேட்டுச்சா, ஆத்தாளத் தேடுச்சா? ஒண்ணும் கேக்காம மூணு பேரக் கொன்னுட்டுப் போயிருச்சே, பாவம்" என்றார்.

இந்தச் சொல்லுக்குப் பிறகு உங்கள் முடிவுக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நம் பக்கத்தில் அகாலமாகச் செத்தவர்கள் வெறுமனே அச்சமூட்டத் திரும்பி வருவதில்லை. கன்னியாகப் போனவளுக்கு வீட்டில் சேலை எடுத்துவைத்துப் படையல் போடுகிறோம். அவள் கேட்டதைத்தான் வைக்கிறோம் என்று நம்புகிறோம். செத்தவர் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே மர்மமே. உங்கள் கதையில் செத்த மூன்று பேரும் அந்த ரயில் பெண்ணுக்கு என்ன தீங்கு செய்தார்கள், அல்லது எதைக் கொடுக்காமல் போனார்கள் என்று யோசித்துப் பார்த்தால், எனக்குத் தோன்றும் பதில் ஊற்றுக் காட்சியிலேயே இருக்கிறது. அவள் இரவெல்லாம் மொண்டுகொண்டே இருக்கிறாள். ஒருவரும் அவளுக்குக் குடம் வைக்கவில்லை. அந்தக் குடத்தைக் கடைசிக் காட்சியில் யாராவது ஒருவர் கொண்டுபோய் ஊற்றோரத்தில் வைத்திருந்தால், அந்தச் சத்தம் நின்றிருக்கும். கருவாடு காயப்போடுகிற அந்த ஆத்தாவின் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அடுத்த கதையும் இந்தக் கரையைப் பற்றியதுதான் என்றீர்கள். எழுதத் தொடங்குமுன் கார்த்திகை பிறந்ததும் ஒருமுறை ஊருக்கு வாருங்கள். அந்த வள்ளக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சிமடத்துப் பக்கம் வடகடல் கரையில் அவரோடு ஓர் இரவு உட்காரலாம். ஒலிப்பதிவுக் கருவியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். நடுச்சாமத்தில் வாடை ஏறும்போது அலை ஒரு மாதிரிச் சத்தம் போடும். அதை எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஒரு பழைய ஆபரேட்டர்